காற்றோட்டமாக இருக்கிறது என்று எழுதியவன்

1

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. ஒரு புத்தகத்துக்குப் பத்து வயது ஆகியிருந்தது.

நான் வேலை செய்வது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில், ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில். மற்ற கம்பெனிகளின் கணக்கைச் சரிபார்ப்பது, எப்படி நடத்தினால் நல்லது என்று யோசனை சொல்வது இவையெல்லாம் மாடிகளில் இருப்பவர்கள் செய்வது. நான் இருப்பது அடித்தளத்து அச்சு அறையில். அவர்கள் எழுதுவதை அச்சடித்து, ஓரம் வெட்டி, பைண்டிங் போட்டு மேலே அனுப்புவேன். அப்படி நான் அச்சடிப்பவற்றில் ஒன்றுதான் அந்தப் புத்தகம். இந்த உலகத்துக்கும் அதன் மண்ணுக்கும் தண்ணீருக்கும் மனிதர்களுக்கும் என்ன நல்லது செய்வதாகப் போன வருஷம் வாக்குக் கொடுத்தோம், அதில் எவ்வளவு செய்தோம் என்று நிறுவனம் வருஷா வருஷம் சொல்லும் புத்தகம். ஒவ்வொரு வாக்குக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் இருக்கும். செய்து முடித்திருந்தால் பச்சை, பாதியில் இருந்தால் மஞ்சள், கைவிட்டிருந்தால் சிவப்பு. காகிதத்தின் இரண்டு பக்கமும் அச்சடிப்போம், விமானப் பயணத்தைக் குறைப்போம், பள்ளிக்கூடங்களில் மரம் நடுவோம் என்று வரிசையாகப் போகும்.

கேக் வெட்டியதும் புதிதாக வந்திருக்கும் பெரிய அதிகாரி என் தோளில் கை வைத்து, "பத்து வருஷமும் அச்சடித்தது நீங்கள்தானாமே. எந்தப் பக்கம் உங்கள் மனசில் நிற்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எல்லாப் பக்கமும் நன்றாக இருக்கும்" என்றேன். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. மனசில் நிற்கும் பக்கம் ஒன்று உண்டு. அதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. என் ஊரான ஆம்பூர்க்காரர்களாகிய உங்களுக்குத்தான் அது புரியும். ஒருவேளை உங்களில் சிலர் என்னைத் திட்டவும் செய்யலாம். அதற்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

2

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீசில் இருந்தேன். பெயர் வேண்டாம். காலை சைரன் ஊதும்போது கார்டு வாங்குவது, லேட்டாக வந்தவர்களை எழுதுவது, ஓவர்டைம் குறிப்பது இவைதான் வேலை. என்னோடு பாஷா இருந்தான். மேல்விஷாரத்துக்காரன். அங்கே காலேஜ் முடித்துவிட்டு வந்தவன். அன்றிலிருந்து இன்று வரை என்னை தோஸ்த் என்றுதான் கூப்பிடுவான்.

அதுவரை ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பார்ட்டிகள் வந்தால் ஷூவை மட்டும் பார்ப்பார்கள். வளைத்துப் பார்ப்பார்கள், தையலை எண்ணுவார்கள், போய்விடுவார்கள். அந்த வருஷம் ஒரு பார்ட்டி, தைக்கிறவர்களையும் பார்க்க வேண்டும், அவர்களோடு தனியாகப் பேச வேண்டும் என்று கடிதம் போட்டது. மேனேஜருக்கு ரொம்பப் பேஜாராகிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"சாமுவேல், உன் கையெழுத்து நல்லா இருக்கும். அவங்க இன்னா இன்னா கேப்பாங்கன்னு இதுல இருக்குது. பத்து கேள்வி. பத்துக்கும் பதில் எழுதிக் குடு. புஸ்தகத் தமிழ்ல எழுதாத. பொம்பளைங்க பேசற மாதிரி இருக்கணும்."

எழுதினேன். எழுதும்போது எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நன்றாக எழுத வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது. 'ஞாயித்துக்கிழம வர்றது எங்க இஷ்டம் சார்.' 'தலவலி வந்தா சூப்பர்வைசரே ஆட்டோ வச்சு அனுப்புவாரு.' சொல்யூஷன் தடவி அட்டையையும் தோலையும் ஒட்டும் பேஸ்டிங் செக்ஷனைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. உள்ளே நுழைந்தாலே கண் எரியும் இடம் அது. அதற்கு நான் எழுதிய பதில்: 'வீட்ல இருக்கறதவிட இங்க காத்தோட்டமா இருக்குது சார்.' இந்த வரி எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது. பாஷாவிடம் படித்துக் காட்டினேன். "பலே தோஸ்த்" என்றான்.

மூன்று நாள் சாப்பாட்டு ஷெட்டில் பெண்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். கஸ்தூரி என்று ஒரு பெண், பாலாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர், வயது இருபது இருக்கும், கைக்குழந்தை சுமதியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவள். அவள்தான் கேட்டாள்.

"சார், இது பொய் தானே?"

"ஆர்டர் வந்தா தானேம்மா உனக்கும் வேலை, எனக்கும் வேலை."

"அது சரிதான். பொய்யான்னு தான் கேட்டேன்."

"பொய் தான்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, மற்றவர்களைவிடச் சீக்கிரமாகப் பத்தையும் மனப்பாடம் செய்தாள். ஆர்டர் வந்தது. அந்த வருஷம் போனஸோடு எல்லோருக்கும் ஒரு டிபன் கேரியர் கொடுத்தார்கள்.

3

ஹெப்சிபா என் மனைவி. வேலூரில் நர்சிங் படித்தவள். தொண்ணூறுகள் முடியும்போது இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளுக்கு நர்சுகள் வேண்டுமென்று ஆள் எடுத்தார்கள். அவளுக்குக் கிடைத்தது. நான் அவளுடைய பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவன். விசாவில் எனக்கு இருந்த பெயர் 'சார்ந்திருப்பவர்'. எங்கள் மகள் ஷாரனுக்கும் அதே பெயர்தான். அவளுக்கு அப்போது எட்டு வயது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் அந்தப் புத்தகமும் தொடங்கியது. ஐந்தாவது வருஷம் ஒரு நாள் ஹெலன் அச்சு அறைக்கு இறங்கி வந்தாள். அந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பு அவள்தான். நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் கெட்டவர் என்று கை நீட்ட எனக்கு ஆள் கிடையாது, என்னைத் தவிர.

எங்கள் நிறுவனம் ஒரு ஷூக்கடைக்காரருக்காக வெளிநாட்டுத் தொழிற்சாலைகளைச் சோதித்துச் சொல்லும் வேலையை எடுத்திருந்தது. தொழிலாளர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசுவோம் என்று அந்த வருஷம் புத்தகத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆட்கள் போய்ப் பேசி, பேச்சைப் பதிவு செய்து, சென்னையில் ஒருவரை வைத்து ஆங்கிலத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள்.

"எல்லோரும் ஒரே மாதிரி பேசியதாக எழுதியிருக்கிறது. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் கேட்டுச் சொல்ல முடியுமா? ஏதோ ஆம்பூர் என்று ஓர் ஊர். உங்களுக்குத் தெரிந்திருக்காது" என்றாள்.

மாடியில் ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிக் கொடுத்தாள். முதலில் மெஷின் சத்தம் வந்தது. தூரத்து மசூதியில் பாங்கு சொல்வது கேட்டது. அடுத்து ஊதிய சைரனிலேயே அது என் பழைய கம்பெனி என்று தெரிந்துவிட்டது. அப்புறம் ஒரு பெண் குரல்: "வீட்ல இருக்கறதவிட இங்க காத்தோட்டமா இருக்குது சார்."

நிறுத்திவிட்டு மறுபடியும் கேட்டேன். அடுத்த குரலும் அதையே சொன்னது. அதற்கடுத்த குரலும். கேள்வி கேட்டது ஒரு அம்மாள். ஆனாலும் எல்லோரும் 'சார்' என்றே சொன்னார்கள். நான் அப்படித்தானே எழுதியிருந்தேன். நான் ஊரை விட்டு வந்து, என் மகள் தமிழை மறந்து, எனக்குத் தலை நரைத்து, இவ்வளவும் ஆன பிறகும் அந்தப் பத்துப் பதில்கள் அதே வார்த்தையோடு அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

ஏழாவது குரல் பத்துப் பதிலையும் சொல்லி முடித்தது. அப்போது கேள்வி கேட்ட அம்மாளுக்கு போன் வந்திருக்க வேண்டும். "ஒரு நிமிஷம்மா" என்று அவர் வெளியே போகும் சத்தம். பதிவை நிறுத்த மறந்துவிட்டார். காத்திருந்த இன்னொரு பெண்ணின் குரல் வந்தது.

"இன்னா கஸ்தூரி, கால தேச்சுகிட்டே இருக்க?"

"மரத்துப் போச்சு மல்லிகா. காலைல வண்டி ஏறும்போது ஒரு செருப்பு கழண்டு ரோட்லயே நின்னுடுச்சு. எனக்குத் தெரியல. இங்க எறங்கி நடந்து வர்றேன், வாட்ச்மேன் தான் சொல்றாரு, இன்னாம்மா ஒத்தச் செருப்போட வர்றன்னு."

"சொல்யூஷன் வாடைதான். நம்ம சாந்திக்கும் இப்படித்தான் ஆச்சு. டாக்டர்கிட்ட போகலியா?"

"லீவு போட்டா வேற ஆள போட்டுடுவாங்க. சுமதி பத்தாவது முடிக்கட்டும்."

"ஃபேன் போட்டாலாவது கொஞ்சம் கம்மியா இருக்கும்."

"அது இவங்க வர்ற அன்னிக்கு மட்டும் தானே ஓடும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கதவு திறந்தது. அந்த அம்மாள் திரும்பி வந்து, "சரிம்மா, நீங்க போகலாம்" என்றார்.

4

வீட்டுக்கு வந்து ஹெப்சியிடம் சொன்னேன். பத்துப் பதில் எழுதிய கதையையும் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமென்றே தோன்றியதில்லை.

அவள், "எத்தன வருஷமா பேஸ்டிங்ல இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல. நான் இருக்கும்போது தையல்ல இருந்தா."

"இது நரம்பு. அந்த எடத்த விட்டு எடுக்கலைன்னா கைக்கும் வந்துடும். எழுதுங்க. ஒன்னு விடாம எழுதுங்க."

எழுதினேன். ஃபேன், சொல்யூஷன், செருப்பு எல்லாம். ஆர்டரை நிறுத்த வேண்டாம், காற்றுக்கு வழி செய்யச் சொல்லுங்கள், இந்தப் பெண்ணை வேறு செக்ஷனுக்கு மாற்றச் சொல்லுங்கள் என்று கடைசியில் எழுதினேன். பெயர் எழுதவில்லை, ஏழாவது ஆள் என்றே எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காகிதத்தைக் கொடுக்கும்போது ஹெலன், "இவர்கள் ஏன் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்?" என்று கேட்டாள்.

அந்தப் பாவம் என்னுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆங்கிலத்தில் அதற்கு எனக்கு வந்த வார்த்தை, பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டால் சொல்வார்களே, 'என் தவறு', அதுதான். ஹெலனும் பஸ்ஸில் சொல்வதைப் போலவே, "பரவாயில்லை, பரவாயில்லை" என்றாள். அப்புறம் நான் விளக்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குறித்துக்கொண்டாள். "இது ரொம்பப் பயனுள்ள தகவல்" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து அவளே இறங்கி வந்தாள். முகம் சரியாக இல்லை. ஷூக்கடைக்காரர்கள் அந்தத் தொழிற்சாலையோடு உறவை முறித்துக்கொண்டுவிட்டார்களாம்.

"ஃபேனுக்காகவா?"

"இல்லை. அதற்கெல்லாம் அவகாசம் கொடுத்திருப்பார்கள். தொழிலாளர்களுக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, அவர்களுடைய விதியில் அதற்கு மட்டும் மன்னிப்பு கிடையாது."

நான் அச்சு எந்திரத்தில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்குவதை நிறுத்தவில்லை. ஆர்டரை முதலில் வாங்கிக் கொடுத்தது நான் எழுதிய பதில்கள். அதை இப்போது ஒழித்ததும் அவைதான்.

5

பாஷா போன் செய்தான். அவன் இன்னும் அதே டைம் ஆபீசில்தான் இருந்தான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

"தோஸ்த், ரெண்டாவது யூனிட்ட மூடிட்டாங்க. தையல், பேஸ்டிங் ரெண்டும் போச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் வீட்ல உக்காந்துட்டாங்க. யாரோ டேப்ல பேசிட்டாங்களாம்."

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"கஸ்தூரின்னு சொல்றாங்க. உனக்கு ஞாபகம் இருக்குதா? அந்த அம்மா போன் பேச வெளிய போனப்ப உள்ள இருந்தது கஸ்தூரியும் மல்லிகாவும் தான். மேனேஜர் மல்லிகாவக் கேட்டிருக்காரு. கால் மரத்துப் போச்சுன்னு பேசினது கஸ்தூரின்னு அது சொல்லிடுச்சு."

"லைன்ல இருக்கியா தோஸ்த்?" என்று கேட்டான். இருக்கிறேன் என்றேன்.

அந்த வருஷத்துப் புத்தகம் அச்சுக்கு வந்தது. தொழிலாளர்களோடு அவர்கள் மொழியில் பேசுவோம் என்ற வாக்குக்கு எதிரே பச்சை வட்டம். தவறு செய்த ஒரு தொழிற்சாலையை விலக்கினோம் என்பதற்கு எதிரே இன்னொரு பச்சை. பக்கத்தில் என் படம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிரிக்கிறேன். ஹெலன்தான் எடுத்தாள். எதற்கென்று கேட்காமல் சிரித்திருக்கிறேன். 'எங்கள் அச்சு அறைத் தோழர் ஒருவரின் தாய்மொழி உண்மையை வெளியே கொண்டுவந்தது' என்று கீழே எழுதியிருந்தது. என் படத்தை நானே அச்சடித்து, நானே ஓரம் வெட்டினேன்.

ஷாரனுக்கு அப்போது பதின்மூன்று வயது. மேஜையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "டாடி, இது நீங்கள்தானே" என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். அதற்கு முன்பு ஒரு வருஷமாக அவள் என்னோடு ஐந்து வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு என்னை வர வேண்டாம் என்பாள். நான் ஆங்கிலம் பேசினால் ஜன்னலைப் பார்ப்பாள். இப்போது அந்தப் பக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிறேன் என்றாள்.

உட்கார வைத்து நடந்ததைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். "அந்த ஆன்ட்டிக்குக் கால் மரத்துப் போச்சும்மா."

"மரமா? எந்த மரம்?" என்றாள்.

மரம் இல்லை, மரத்துப் போவது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆனால் நீங்கள் உண்மையைத்தானே சொன்னீர்கள். அது சரிதானே" என்றாள். அவள் முகத்தில் என்னைப் பற்றி முதல் முறையாக ஒரு பெருமை இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. "ஆமாம், சரிதான்" என்றேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் அதைப் படித்தாளாம்.

6

டிசம்பரில் ஊருக்குப் போனேன். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் பாஷாவின் வண்டியில் ஆற்றைத் தாண்டிப் போனோம். ஆற்றில் மணல்தான். ஓரமாகத் தேங்கியிருந்த கொஞ்சம் தண்ணீரும் பழுப்பாக, மேலே நுரை கட்டி இருந்தது. அந்த ஊர்க் கிணறுகள் எப்போதோ கெட்டுப்போனவை. குடிக்கிற தண்ணீருக்கு ஒரே ஒரு தெருக்குழாய், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். நாங்கள் போன நேரம் குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. கடைசிக் குடத்துக்கும் அதற்கு முந்தின குடத்துக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டிருந்தது. "அந்தக் கடைசி கொடம் கஸ்தூரிது" என்று பாஷா மெதுவாகச் சொன்னான்.

அவள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பத்து நான்கு, முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். பார்த்தால் ஐம்பது சொல்லலாம். எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரும்மா" என்றேன்.

"டைம் ஆபீஸ் சார் தானே? லண்டன்ல இருக்கறதா சொன்னாங்க."

"கால் எப்படி இருக்குது?"

"வேலூர்ல காட்டினேன். அந்த வாடைய விட்டு வந்துட்டதால கொஞ்சம் கொஞ்சமா திரும்பும்னாங்க. திரும்புது. ஆனா எரியுது சார். ராத்திரியெல்லாம் தண்ணில வச்சுக்கறேன். தண்ணி ஏது அவ்ளோ."

"சுமதி?"

"வாணியம்பாடில ஒரு கம்பெனிக்குப் போவுது. ஆம்பூர்ல என் பேரச் சொன்னா எடுக்க மாட்டேங்கறாங்க. பத்தாவது பரீட்சை எழுதல."

பாஷா எங்களுக்குக் கலர் வாங்கிவரக் கடைக்குப் போனான். அவன் போன பிறகு சொன்னேன். அந்த டேப்பை இங்கிலாந்தில் உட்கார்ந்து கேட்டது நான், எழுதிக் கொடுத்தது நான், பதில்களை எழுதியது நான்தான் என்று சொன்னதும் நான். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பீடி சுற்றுவதை நிறுத்தவில்லை. இலையை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டினாள். நான்கு பீடி ஆகியிருக்கும்.

"உங்களுக்கு என் குரல் தெரிஞ்சுதா சார்?"

"மல்லிகா பேர் சொல்லிக் கூப்பிட்டா. அதுல தெரிஞ்சுது."

"தெரிஞ்ச ஆளு தானேன்னு விட்டிருக்கலாமே."

"உன் காலுக்காகத்தாம்மா எழுதினேன்."

"எனக்குப் புரியுது. இவங்களுக்குத் தான் புரியல." குழாயடியை நோக்கித் தலையை அசைத்தாள். "நான் போய் வெள்ளக்காரங்ககிட்ட கம்ப்ளெய்ன்ட் குடுத்தேன்னு நெனைக்கறாங்க. காசு வாங்கினேன்னு கூட பேச்சு. என் கூட ஸ்கூல் படிச்சவளுங்க, ஒரே வண்டியில பதினஞ்சு வருஷம் போனவளுங்க, ஒருத்தியும் மூஞ்சி பாக்கறதில்ல. மல்லிகா எதிர்ல வந்தா வேற பக்கம் போறா. கால் எரியறதுகூடப் பெருசா இல்ல சார்."

என்னால் ஆவது ஏதாவது இருந்தால் சொல் என்றேன்.

"ஒன்னு செய்றீங்களா? கஸ்தூரி யார்கிட்டயும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலன்னு உங்க கம்பெனில எழுதி வாங்கிக் குடுங்க. நான் பத்தையும் நீங்க சொல்லிக் குடுத்தபடியே தானே சொன்னேன். டேப்லயே இருக்குதே. அத எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. ஊர்ல காட்டணும்."

"வாங்கித் தர்றேன்" என்றேன். அவ்வளவு சுலபமான வேலை என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

7

ஹெலனிடம் கேட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. உடனே சட்டப் பிரிவுக்கு எழுதினாள். அங்கிருந்து ஒரு படிவம் வந்தது, அதை நிரப்பிக் கொடுத்தேன். இன்னொரு படிவம் வந்தது. ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. பேட்டி கொடுத்த தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக, யார் பேசினார்கள், யார் பேசவில்லை, யார் என்ன சொன்னார்கள் என்று எந்தக் காரணத்துக்காகவும் நிறுவனம் எழுத்தில் தெரிவிக்காது.

"அவள் பெயர் ஊருக்கே தெரியும். அவளே கேட்கிறாள்" என்றேன்.

"எனக்குத் தெரியும் சாம். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள்" என்றாள் ஹெலன். "வேலை இழந்தவர்களைத் திரும்பப் போய்ப் பார்ப்போம் என்று அடுத்த புத்தகத்தில் ஒரு வாக்குச் சேர்த்திருக்கிறேன்."

சேர்த்தாள். அதற்கு மஞ்சள் வட்டம் விழுந்தது. அதற்கடுத்த வருஷம் ஹெலன் வேறு வேலைக்குப் போய்விட்டாள், அந்த வரியும் இல்லை. அதன் இடத்தில் வேறொரு வரி இருந்தது: பேட்டி கொடுத்தவர்களின் அடையாளத்தை முழுமையாகக் காப்பாற்றினோம். பச்சை.

அவர்கள் கொடுக்காவிட்டால் என்ன என்று நானே வீட்டில் உட்கார்ந்து வெள்ளைத் தாளில் எழுதினேன். 'ஆம்பூர் கம்பெனியில் முன்பு டைம் கீப்பராக இருந்த சாமுவேல் ஆகிய நான் எழுதுவது. கஸ்தூரி யாரிடமும் புகார் செய்யவில்லை. பதிவைக் கேட்டு எழுதிக் கொடுத்தது நான். கம்பெனி ஆர்டரை இழந்ததற்குக் காரணமும் நான்தான்.' தேதி, கையெழுத்து, விலாசம் எல்லாம் போட்டேன். ஹெப்சி படித்துப் பார்த்தாள். "இதுக்கப்புறம் நீங்க அந்த ஊருக்குள்ள போக முடியாது" என்றாள். தெரியும் என்றேன். பாஷாவுக்கு அனுப்பினேன். அதைப் படித்த பிறகுதான் அவனுக்கும் எல்லாம் தெரிந்தது. பத்து நாள் அவன் போன் பேசவில்லை. அப்புறம் பேசினான்.

"எடுத்துட்டுப் போய் கொழாயடில எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன் தோஸ்த்."

"இன்னா சொன்னாங்க?"

"சீல் எங்கன்னு கேட்டாங்க."

"கையெழுத்து இருக்குதே."

"கையெழுத்து யார் வேணும்னா போடலாம்னு மல்லிகா வீட்டுக்காரர் சொன்னாரு. கஸ்தூரி காசு குடுத்து என்னை வச்சு எழுதினதுன்னு நெனைக்கறாங்க. உன் கம்பெனி பேர் அச்சடிச்ச பேப்பரா இருந்தா, ஒரு சீல் இருந்தா, நம்புவாங்க. உன்னால முடியாதா?"

முடியும். இந்த உலகத்திலேயே அது சுலபமாக முடிகிற ஆள் நான்தான். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாள் கட்டுக்கட்டாக என் அலமாரியில் இருக்கிறது. அலுவலக முத்திரை மேல்மாடியில், பூட்டாத ஒரு டிராயரில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை ஒரு தாளை எடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தி, தமிழில் ஒரு பத்தி அடித்தேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. மேலே போய் டிராயரைத் திறந்தேன்.

அந்த மாதம்தான் எங்கள் மூன்று பேருக்கும் குடியுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தோம். நன்னடத்தை உள்ளவரா என்று அதில் ஒரு பகுதி உண்டு. எப்போதாவது எதையாவது பொய்யாகத் தயாரித்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தது. இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தேன். ஷாரனுக்கு அந்த வருஷம்தான் பள்ளியில் இத்தாலிக்குக் கூட்டிப் போவதாக இருந்தார்கள். புது பாஸ்போர்ட்டோடு போக வேண்டுமென்று ஆசைப்பட்டாள்.

முத்திரையைக் கையில் எடுத்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஆம்பூரில் பத்துப் பொய்யை எழுதும்போது வராத பயம் அன்றைக்கு வந்தது. முத்திரையைத் திரும்ப வைத்துவிட்டுக் கீழே வந்தேன். அந்தத் தாளைக் கிழித்து, மறுசுழற்சிக்கான தொட்டியில் போட்டேன்.

பாஷா அடுத்த இரண்டு மூன்று முறை பேசும்போதெல்லாம், "சீல் இன்னா ஆச்சு தோஸ்த்?" என்று கேட்டான். பார்க்கிறேன், பார்க்கிறேன் என்றேன். "கஸ்தூரி உன் லெட்டர வாங்கி வச்சிருக்குது. போஸ்ட்மேன் வர்ற நேரம் வாசல்லயே உக்காந்திருக்குது" என்று ஒருமுறை சொன்னான்.

இப்போதெல்லாம் அவன் கேட்பதில்லை. பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம், வெயிலைப் பற்றிப் பேசுகிறோம், வைத்துவிடுகிறோம்.